ஏழாவது பெயருக்கு நேரே இரண்டு கீறல்

பிள்ளைகளே,

போன வாரம் பெரியவள் தன் கிளினிக் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எடுத்தேன். "டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. பி.டி. என்றால் இரண்டு வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்" என்று உரக்கப் படித்தேன். எல்.எம்.பி. என்று போட்டிருந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற சிரிப்பு. பிறகு சின்னவன் கேட்டான். "அதனாலதான் தோட்டத்துல உங்கள 'மூணு வேளை'ன்னு கூப்பிடுறாங்களாப்பா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அது முக்கால் பொய். உண்மையை மறைத்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. நேரில் சொன்னால் வரிக்கு வரி உங்கள் அம்மா திருத்துவாள். எழுதிவிடுகிறேன். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் பெரியவள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கடைசிவரை படிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் கண்முன்னால் நிற்கிறது.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி. தகரக் கூரையில் மழை. உள்ளே டிஞ்சர் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து ஒரு நெடி. நான் மேசையில் ஒரு நீளத் தாளை விரித்து, அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழே பென்சிலால் இரண்டிரண்டு சின்னக் கீறலாகப் போட்டுக்கொண்டு வருகிறேன். மொத்தம் பதினொரு பெயர். முதல் பெயருக்கு நேரே இரண்டு எழுத்து. மற்றப் பத்துக்கும் கீறல்தான். நாக்கு நுனி வெளியே நீட்டியிருக்கிறது. முடிந்ததும் தாளை எட்டப் பிடித்து நானே ரசிக்கிறேன்.

அந்தத் தாளில் ஏழாவது பெயர் முத்தம்மா. அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பிள்ளையும் ஞாபகமில்லை, முத்தம்மாவும் ஞாபகமில்லை. கீறல் நேராக இருக்கிறதா என்பது ஒன்றுதான் கவலை.

எழுத்து அழகால் வந்த வேலை

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம். தேயிலை ஸ்டோர் மேல்மாடியில் நான் கொழுந்து வாட்டிய கதையைப் போன வாரம் எழுதினேன் அல்லவா, அங்கேதான் இருந்தேன்.

தேயிலைப் பெட்டியில் இலக்கம் எழுதுகிறவர் ஒரு நாள் வரவில்லை. நான் எழுதினேன். பெரிய துரை அதைப் பார்த்துவிட்டு, இது யார் கையெழுத்து என்று கேட்டாராம். அடுத்த திங்கட்கிழமை என்னை டிஸ்பென்சரிக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியில் அழகாக எழுதுகிறவனை மருந்து வேலைக்கு அனுப்பலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. கால்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

டாக்டர் ஐயா ஒருவர், தோட்டம் மூன்று. எங்களுக்கு வியாழனும் சனியும் வருவார். அவர் வாய் திறந்து பேசுவது குறைவு, எழுதுவது அதிகம். எழுதுவதும் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. மற்ற நாட்களில் மிட்வைஃப் நோனா இருப்பார். சோமா நோனா, அதாவது சோமா அம்மணி, என்று சொல்வோம். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள அம்மா. தமிழில் அவருக்கு வராதது ஒன்றுமில்லை, ஏச்சு உட்பட.

என் வேலை போத்தல் கழுவுவது, கட்டுத்துணி கிழிப்பது, பெயர் கூப்பிடுவது, ரெஜிஸ்டரைப் பிரதி எடுப்பது. நானோ அங்கே போன முதல் நாளே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அலமாரியில் பெரிய போத்தல்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் முதலில் 'மிஸ்ட்' என்று ஒட்டியிருக்கும். ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தில் அந்தச் சொல்லுக்கு மூடுபனி என்று படித்திருந்தேன். எங்கள் ஊர்ப் பனியைப் போத்தலில் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலவை மருந்து என்பதன் சுருக்கம் அது என்று பிறகு தெரிந்தது.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். டாக்டர் ஐயா எழுதுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். மருந்து கொடுக்கும்போது என்ன சொல்கிறார் என்று கவனித்து, எழுத்தையும் சொல்லையும் பொருத்திப் பார்ப்பேன். இப்படியே மூன்று வேளை, இரண்டு வேளை, காலையில் மட்டும், பழைய மருந்தே மறுபடி என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பிடிபடும் ஒவ்வொன்றுக்கும் மார்பு கொஞ்சம் விரியும்.

நோனாவின் கர்ப்பிணிப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எல்.எம்.பி. என்று ஒன்று இருந்தது. எத்தனை பார்த்தும் பிடிபடவில்லை. ஒரு நாள் பெண்கள் பெஞ்சி நிறைய உட்கார்ந்திருக்கும்போது, ஆராய்ச்சிக்காரன் தோரணையில் உரக்கக் கேட்டேன். "நோனா, இந்த எல்.எம்.பி.ன்னா என்னா?"

நோனா நிமிர்ந்து பார்த்தார். "கடைசியா எப்ப வீட்டுக்குத் தூரமா இருந்தாங்கன்னு கேக்குறது மல்லி. உங்களுக்கு எப்பன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. பெஞ்சியில் இருந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நான் இரண்டு நாள் போத்தல் கழுவும் தொட்டிப் பக்கமே இருந்தேன். இப்போது புரிகிறதா, பெரியவளின் அட்டையில் அந்த இடத்தில் ஏன் வாயை மூடினேன் என்று.

காகிதத்தில் பல்

ஒரு விஷயம் சொல்லாமல் போனால் கதை புரியாது. அந்த நாளில் மருந்துக்குப் போத்தலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். தண்ணி மருந்தை ஊற்றி, போத்தலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவோம். பட்டையின் ஓரத்தை வாள் பல் மாதிரிக் கத்தரிக்கோலால் வெட்டியிருப்போம். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்வரை ஒரு வேளை மருந்து. எழுத்து வேண்டாம், படிப்பு வேண்டாம். மருந்து எந்தப் பல்லில் நிற்கிறது என்று கண் பார்த்துக்கொள்ளும். அடுப்பங்கரை இருட்டில் நகத்தால் தடவினாலும் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டைகளை வெட்டுவதும் என் வேலைதான். அதை நான் மட்டமாக நினைத்தேன். எழுத்துத் தெரிந்த மனுஷனை உட்காரவைத்து வெள்ளைக் காகிதத்தை எலி கொறித்த மாதிரி வெட்டச் சொல்கிறார்களே என்று உங்கள் அம்மாவிடம் புலம்பியிருக்கிறேன்.

சுருக்கம் முற்றிய நோய்

ஆறு மாதத்தில் எனக்கு இந்த எழுத்துகள் ஒரு வியாதி மாதிரி முற்றிவிட்டன. கையெழுத்துப் போடுவதில் முழுப் பெயர் போய் கே.எஸ். ஆனது. கதிரவேல் மகன் சந்தனசாமி என்று அப்பா வைத்த பெயர் இரண்டு எழுத்துக்குள் ஒடுங்கிவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீட்டின் கதவில் சோக்கட்டியால் கே.எஸ். என்று எழுதிவைத்தேன். வீட்டிலும் அதே கூத்து.

"சோறு எனக்கு பி.டி. போதும்" என்றேன் ஒரு நாள்.

"அப்படின்னா என்னாங்க?"

"ரெண்டு வேளை."

உங்கள் அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "சரிங்க. அப்ப ராத்திரிக்கு உங்க பங்க நாய்க்கு வச்சிர்றேன். அதுக்கு இங்கிலீஸ் தெரியாது, மூணு வேளையும் திங்கும்."

சொன்ன மாதிரியே செய்தாள். அன்றைக்கு இரவு நான் தேத்தண்ணி மட்டும் குடித்தேன்.

ஆனால் லயத்து ஆட்களுக்கு நான் அத்தனை கேவலமாகத் தெரியவில்லை. டவுன் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் கம்பளி மடிப்பிலிருந்து எடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு, பாருங்க" என்று நீட்டுவார்கள். நான் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். தெரியாத எழுத்து வந்தால் "அது டாக்டர்மாருக்குள்ள பேச்சு" என்று தாண்டிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஒப்பீசில் பெரிய கிளாக்கரின் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். மேல் வரியில் உள்ளதே கீழ் வரியிலும் வருமென்றால் அவர் மறுபடி எழுதவில்லை. சும்மா இரண்டு கீறல். அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு எழுத்துகூட இல்லாத சுருக்கம். இதைவிடச் சின்னது உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே மேடு ஏறி டிஸ்பென்சரிக்கு வந்தேன்.

முத்தம்மாவின் மூன்றாவது

முத்தம்மா எங்களுக்கு இரண்டு லயம் தள்ளி இருந்தாள். அவள் புருஷன் வீரய்யா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். இரண்டு தரம் உண்டாகி இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டன. இரண்டையும் மலையில் கூடையோடு நிற்கும்போதுதான் இழந்தாள். மூன்றாவது தரம் உண்டானதும் நோனா டாக்டர் ஐயாவிடம் ஒற்றைக்காலில் நின்று அவளுக்கு இலேசான வேலை வாங்கிக் கொடுத்தார். கூடை கூடாது, ஏற்றம் கூடாது. அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து தொட்டில் ஆட்ட வேண்டும். இதற்கு டாக்டர் ஐயா போடும் எழுத்து எல்.டபிள்யூ. மலைக்குப் போகலாம் என்றால் எஃப்.டி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் டாக்டர் ஐயா ஆட்களைப் பார்த்துப் பெரிய ரெஜிஸ்டரில் இதைப் போடுவார். அதைப் பார்த்து நான் லிஸ்ட் எழுத வேண்டும். மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து லிஸ்டை வாங்கிப் போவார். திங்கட்கிழமை விடிகாலை பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்கும்போது, லிஸ்டில் உள்ளபடிதான் அவர் ஆளை அனுப்புவார். அந்த ஏழு நாளுக்கும் அந்தத் தாள் சொல்வதுதான் சட்டம்.

முத்தம்மாவுக்கு இலேசான வேலையில் அது நாலாவது வாரம். ஐந்தாம் மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது.

இப்போது மழைக்குத் திரும்புவோம்

டாக்டர் ஐயா போய்விட்டார். பதினொரு பேரில் பத்துப் பேருக்கு எஃப்.டி. ஏழாவது பெயருக்கு மட்டும் எல்.டபிள்யூ. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒவ்வொரு பெயராகப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் புதிதாகக் கற்ற வித்தையை எப்போது காட்டுவது? முதலில் பத்தி முழுக்கக் கீறலை ஒரே சீராகப் போட்டுவிடுவோம், பிறகு ஏழாவதில் மட்டும் அழித்து எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அடிமட்டம் வைத்துப் போட்டும் முடித்தேன். அழி ரப்பரைக் கையில் எடுத்தேன்.

அப்போது கணக்கப்பிள்ளை குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். லிஸ்டுக்குத்தான் வந்தார். ஆனால் அவர் கையில் அவருடைய துண்டுச்சீட்டும் இருந்தது. காலையில் முதுகுவலி என்று டாக்டர் ஐயாவிடம் காட்டியிருந்தார்.

"தம்பி, நீங்கதான் இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவராமே. இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

கரைத்துக் குடித்தவர் என்றதும் ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். "இது வந்துங்க, என்.ஏ.டி. அப்படின்னா, பாத்ததுல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

"என்ன ஒண்ணுமில்ல?"

"உங்களுக்குங்க. ஒரு நோயும் இல்லையாம்."

"முதுக நிமித்த முடியாம நிக்கிறேன், ஒண்ணுமில்லையா? யாரு முதுக பாத்து எழுதுனாரு?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். ஒன்றுமில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை, டாக்டர் கைக்குத் தட்டுப்படவில்லை என்றுதான் அர்த்தம் என்றேன். என்.ஏ.டி.யில் ஒவ்வொரு எழுத்தும் எதற்கு என்று விளக்கினேன். அதோடு நிறுத்தினேனா? கொப்பியை எடுத்து மற்றச் சுருக்கங்களையும் காட்டினேன். அரை மணி நேரம் போயிருக்கும். கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது.

"லிஸ்ட் ரெடியா தம்பி?"

"ரெடிங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். நனையாமல் இருக்க நானே மடித்து அவர் கோட்டுப் பைக்குள் வைத்தும்விட்டேன். ரப்பர் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

பெரட்டில் நடந்தது

திங்கட்கிழமை பெரட்டில் நான் இல்லை. முத்தம்மாவே பிறகு சொன்னதுதான்.

கணக்கப்பிள்ளை அவளை ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போகச் சொன்னார். ஒன்பதாம் நம்பர் எங்கள் தோட்டத்திலேயே நெட்டுக்குத்தான மலை. "ஐயா, எனக்குப் புள்ளைக் காம்பராதானுங்களே" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்ன செய்ய? லிஸ்ட்ல அப்படி இல்லையே. எல்லாருக்கும் போட்டதுதான் உனக்கும் போட்டிருக்கு. இந்தா, நீயே பாரு."

தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் பார்த்தாள். இரண்டு கீறல் தெரிந்தது. தன் பெயர் எது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "தொட்டில் ஆட்டுன மகராணிக்கு இப்பத்தான் கூடை கனக்குதாக்கும்" என்றாளாம். டாக்டர் ஐயாவே போட்டுவிட்டார் என்றால் உடம்பு சரியாகிவிட்டதாக்கும் என்று முத்தம்மா கூடையை மாட்டிக்கொண்டாள்.

திங்கள் ஏறினாள். செவ்வாயும் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி போல நோனா ஒன்பதாம் நம்பர் வழியாக மேல் லயத்துக்குப் போயிருக்கிறார். பாதையோரம் வாகை மரத்தடியில் முத்தம்மா கூடையைச் சாய்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். சேலையில் உதிரம் பட்டிருந்தது.

நாலு பேர் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் ஏந்திக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். நான் போத்தலைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். பின்னறைக் கட்டிலில் படுக்கவைத்து, கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார் நோனா.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு லொறியில அனுப்புவமா?" என்று கேட்டேன்.

"இந்த ரோட்டுலயா? ரெண்டாவது வளைவுலயே எல்லாம் முடிஞ்சிரும். ஒப்பீஸ்ல போன் பண்ணி ஐயாவக் கூப்பிடச் சொல்லுங்க. அந்த ரெஜிஸ்டர எடுங்க."

எடுத்தேன். எல்.டபிள்யூ. என்று டாக்டர் ஐயாவின் கோணல் எழுத்து தெளிவாக இருந்தது. அதற்குள் செய்தி கேட்டுக் கணக்கப்பிள்ளை ஓடிவந்துவிட்டார். நோனா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இலேசு வேலன்னு எழுதியிருக்கு. ஒன்பதாம் நம்பருக்கு எப்படி அனுப்புனீங்க?"

"என்னை ஏன் நோனா கேக்குறீங்க? லிஸ்ட்ல என்ன இருந்துச்சோ அதுதான்." கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தார். மூன்று தலையும் அதன்மேல் குனிந்தன.

"தம்பி, இந்த ரெண்டு கோட்டுக்கு என்னா அர்த்தம்?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

"மேலே இருக்குறதுதானுங்க."

"மேலே என்னா இருக்கு?"

"அதே ரெண்டு கோடுதானுங்க."

"அதுக்கு மேலே?"

விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மேலே ஏறினேன். முதல் வரிவரை போய் எஃப்.டி.யில் நின்றது. அடிமட்டம் வைத்துப் போட்ட கீறல். அத்தனை நேர்த்தி. டாக்டர் ஐயா மேல் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் மனசு ஓடியது. ரெஜிஸ்டர் பக்கத்திலேயே விரிந்து கிடந்ததால் அது முடியவில்லை. அது இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"நான்தானுங்க. பிறகு திருத்தலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

கணக்கப்பிள்ளை தாளை மடித்தார். "எனக்கு ஒண்ணுமில்லைங்கிறதுக்கு மூணு எழுத்து வச்சு அரை மணி நேரம் பாடம் நடத்துனீங்க. அந்தப் புள்ளைக்கு எழுத ஒரு எழுத்து இல்லாமப் போச்சா தம்பி?"

நாற்பது பக்கக் கொப்பியை எடுத்துப் போத்தல்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

வாயால் சொல்லுங்க

பின்னேரம் டாக்டர் ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். வெகுநேரம் உள்ளே இருந்தார். பிள்ளை இன்னும் இருக்கிறது, தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது, ஒரு மாதம் படுக்கையிலிருந்து எழும்பக் கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் ஆளப் பாத்து எழுதினேன். நீ மேல் வரியப் பாத்து எழுதியிருக்க." அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

என்னை மறுபடி ஸ்டோர் மேல்மாடிக்கு அனுப்பிவிடத்தான் நினைத்தார். நோனா தடுத்தார். "புதுசா வர்றவன் மறுபடி மொதல்லருந்து பிழை விடுவான். இவனுக்கு இனி மறக்காது."

இரண்டு நாள் கழித்து முத்தம்மாவை நாற்காலியில் வைத்து லயத்துக்குத் தூக்கிப் போனார்கள். வீரய்யா மட்டும் மருந்துக்காகப் பின்னால் நின்றான். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்துக் கண்ணாடிப் போத்தல்களையெல்லாம் தள்ளி வைத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

மருந்தை ஊற்றிப் பட்டை ஒட்டினேன். பழக்கதோஷத்தில் போத்தல் சீட்டில் டி.டி.எஸ். எழுதப் பேனாவை எடுத்தேன். அவன் போத்தல்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"எழுத வேணாம்ணே. எத்தன வேளன்னு வாயால சொல்லுங்க."

"மூணு வேளை" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

"மூணு வேளை, வீரய்யா."

அவன் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் என் கால் தானாக அந்த லயத்துக்குப் போனது. வாசலில் நின்று, "முத்தம்மா, காலை வேளை" என்றேன். மத்தியானம் போனேன். சாயந்தரமும் போனேன். உள்ளே போகவில்லை. போத்தலைத் தூக்கிக் காட்டுவாள், மருந்து அடுத்த பல்லுக்கு இறங்கியிருக்கிறதா என்று வாசலிலிருந்தே பார்ப்பேன். மூன்றாம் நாள் லயத்துப் பெண்கள் கவனித்துவிட்டார்கள். "ஏய், எந்திரி, மூணு வேளை வர்றாரு" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். அன்றிலிருந்து சந்தனசாமியும் போயிற்று, கே.எஸ்.ஸும் போயிற்று. இதுதான் சின்னவன் கேட்டதற்குப் பதில்.

ஒரு மத்தியானம் முத்தம்மா படுத்தபடியே போத்தலின் பட்டையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுல எத்தன பல்லு போயிருக்குன்னு கண்ண மூடிக்கிட்டே எனக்குத் தெரியுது. அந்த லிஸ்ட்லயும் எம்பேருக்கு நேர ஒரு வெட்டு வெட்டிருந்தீங்கன்னா, கணக்கப்பிள்ளை நீட்டுனப்பயே நான் கேட்டிருப்பேன்ல?"

அந்தச் சனிக்கிழமை லிஸ்டில் பதினாலு பெயர். பதினாலுக்கும் எழுத்தை முழுசாக எழுதினேன். இலேசான வேலை உள்ள பெயருக்கு நேரே தாளின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு பல் வெட்டினேன். கணக்கப்பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கா தம்பி?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பெரட்டில் நிற்கிறவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். வெட்டு இல்லாவிட்டால் அங்கேயே கேட்டார்கள். அது அவருக்குத் தொல்லைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் போனது. ஆறாம் மாதம் வந்தது. அத்தனை நாளும் நான் உங்கள் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. சோற்றைப் பற்றி அவளும் கேலி செய்யவில்லை. முத்தம்மா லயத்துக் காம்பரா பக்கமிருந்து யார் ஓடிவந்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

மாதம் நிறைந்து, மழை விட்டுப் பனி தொடங்கிய ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. அழுகை டிஸ்பென்சரி பின்னறையிலிருந்து பெஞ்சிவரை கேட்டது. நோனா கதவைத் திறந்து, "மல்லி, எழுதுங்க. எடை கம்மி, சத்தம் ஜாஸ்தி" என்றார். முதலாவதை ரெஜிஸ்டரில் எழுதினேன். இரண்டாவதற்குப் பத்தி இல்லை.

அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும். ஹட்டனில் தையல் மெஷின் வைத்திருக்கும் தனம் அக்காதான். சின்னவனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையெல்லாம் அவள் தைத்தது. இந்தக் கதை அவளுக்குத் தெரியும். அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நான்தான் அவள் கடைக்குப் போனால் அளவு எடுக்கும்வரை நாடாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

குழந்தை பிறந்த மறுநாள் மத்தியானம் டிஸ்பென்சரியில் ஆள் இல்லை. தாயையும் பிள்ளையையும் நோனா புது மருந்து கொடுத்துக் காலையிலேயே லயத்துக்கு அனுப்பியிருந்தார். டாக்டர் ஐயா வராத நாள். நோனா மேல் லயத்துக்குப் போயிருந்தார். பழைய லிஸ்டுகள் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கும். கணக்கப்பிள்ளை வாரம் முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவார். அந்த ஒரு தாளைத் தேடுவதற்கு அதுவரை எனக்குக் கை போகவில்லை.

அன்று கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மடித்த தடத்தோடு அது அடியில் இருந்தது. பதினொரு பெயர், அடிமட்டம் வைத்த கீறல்கள். மேசையில் விரித்து, பட்டை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, ஏழாவது பெயருக்கு நேரே ஓரத்தில் ஒரு பல் வெட்டினேன். நகத்தால் தடவிப் பார்த்தேன். தட்டுப்பட்டது. தாளைப் பழைய இடத்திலேயே கம்பியில் குத்தி, மற்றவற்றையும் வரிசையாக மாட்டினேன்.

வெட்டின துண்டு மேசையில் கிடந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. அதை விரல் நுனியில் ஒற்றியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு, முத்தம்மாவுக்கு மத்தியான வேளையைச் சொல்லப் போனேன்.